தனி அலுவலர் என்னும் பதவிக்கு ஒரு வாழ்த்து மடல்

அனுப்புநர்:
வாக்காளர் பட்டியலில் பெயரும் வீட்டு வரி ரசீதும் உள்ள ஒரு கிராமத்தான்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்.
(ஆளைச் சொல்லவில்லை, பதவியைச் சொல்கிறேன். ஆள் நல்லவர்.)

பொருள்: ஊராட்சிக்கு வரவேண்டிய நிதிக்குழு மானியம் வராதது – அதன் பொருட்டுத் தங்களை வாழ்த்துவது – தொடர்பாக.

பார்வை: இந்திய அரசியல் சாசனம், ஒன்பதாம் பகுதி. (படிக்க நேரம் கிடைத்தால்.)

ஐயா,

தாங்கள் நலம் என்பது ஊரறிந்த செய்தி. எங்கள் நலத்தைக் கேட்டால் அதற்கும் தாங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

முதலில் வாழ்த்து. டெபாசிட் கட்டாமல், நோட்டீஸ் அடிக்காமல், யாருக்கும் கறிவிருந்து போடாமல், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை ஒரே நாளில் பிடித்தவர் இந்த மாநிலத்தில் தங்களைத் தவிர யாருமில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நாங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். 9,624 தலைவர் பதவி, 76,746 வார்டு உறுப்பினர் பதவி. அவற்றில் பாதி பெண்களுக்கு என்று ஒதுக்கியது. அத்தனை பேருக்கும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு காலம் முடிந்தது. அதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்கிறது சாசனம். வார்டு மறுவரையறை முடியவில்லை என்று தேர்தல் வரவில்லை, தாங்கள் வந்தீர்கள். ஆறு மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் என்றார்கள். கல்யாணத்துக்கு வந்த மாமா வளைகாப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

தாங்கள் புதியவரும் அல்ல. எங்கள் தாத்தா காலத்திலிருந்தே பழக்கமான முகம். தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986. அதற்கடுத்தது 1996. சென்னை மாநகராட்சியில் 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் என்று மாமன்றத்தைக் கலைத்தார்கள். சரிதான், ஊழல் நடந்தால் கலைக்கத்தான் வேண்டும். ஆனால் மறுபடி மாமன்றம் கூடியது 1996இல். திருடியவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்ததோ தெரியாது, சென்னைவாசிகளுக்கு 23 ஆண்டு கிடைத்தது.

பிறகு 2016. அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு என்று அறிவித்து, வேட்புமனுவும் வாங்கிய நிலையில், பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று உயர் நீதிமன்றம் அறிவிப்பாணையை ரத்து செய்தது. டிசம்பர் 31க்குள் நடத்துங்கள் என்றும் சொன்னது. எந்த ஆண்டு டிசம்பர் 31 என்பதில்தான் அரசுக்குக் கொஞ்சம் தடுமாற்றம். அந்த 27 மாவட்ட ஊராட்சிகளில் தாங்கள் 2020 ஜனவரி வரை இருந்தீர்கள். நகராட்சி, மாநகராட்சிகளில் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை இருந்தீர்கள். நடுவில் ஆட்சியே மாறியது, தங்கள் நாற்காலி அசையவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தங்களைத் திட்டாத கட்சி இங்கே கிடையாது. ஆளுங்கட்சியானதும் தங்கள் நாற்காலியைத் தூசி தட்டிப் போடாத கட்சியும் கிடையாது. இவ்வளவு நீண்டகாலக் கூட்டணி வேறு யாருக்கு வாய்த்தது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். பணம்.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. இது யாரும் தரும் தருமம் அல்ல. நாங்கள் தீப்பெட்டியிலும் பிஸ்கட்டிலும் கட்டும் வரியில் திரும்பி வருகிற பங்கு. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் வரும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் போய்த் தாங்கள் அமர்ந்ததும் மானியம் நின்றுபோனது. 2016க்குப் பிறகும் இதே கதைதான். அப்போது பதினான்காவது நிதிக்குழு, இந்த முறை பதினைந்தாவது. குழுவின் எண் மாறியது, மற்றதெல்லாம் அப்படியே.

நிபந்தனையில் நியாயம் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். மாநிலங்கள் உரிய காலத்தில் தேர்தல் நடத்த வேண்டும், அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்று டெல்லியில் யோசித்திருக்கிறார்கள். யோசித்தவர்கள் கடிவாளத்தை யார் வாயில் மாட்டுகிறோம் என்று மட்டும் பார்க்கவில்லை. தேர்தல் நடத்த வேண்டியது மாநிலம். நடத்தாவிட்டால் அமைச்சருக்குச் சம்பளம் நிற்காது, செயலாளருக்குக் கார் நிற்காது. நிற்பது எங்கள் தெருக்குழாய். தேர்தல் நடத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. நடத்தாத குற்றமும் எங்களுடையது இல்லை. அபராதம் மட்டும் எங்கள் பேருக்கு வந்து சேர்கிறது. ஒன்றியத்தைக் கேட்டால் மாநிலத்தைக் கேள் என்கிறது, மாநிலத்தைக் கேட்டால் ஒன்றியம் நிதியைத் தரவில்லை என்று அறிக்கை விடுகிறது. இரண்டும் உண்மைதான். இரண்டு உண்மைக்கும் நடுவில் எங்கள் ஊர் காலிக் குடத்தோடு நிற்கிறது.

குடம் என்றதும் போன கோடை நினைவுக்கு வருகிறது. மேலத்தெருவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது. டேங்க் ஆபரேட்டர் கிளர்க்கிடம் சொன்னார். கிளர்க்கு நோட்டைப் புரட்டிவிட்டு, “நிதிக்குழு கணக்குல பைசா இல்லீங்க. மாநிலத்திலேர்ந்து வர்றது கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்குமே சரியாப் போச்சு. பி.டி.ஓ. ஐயாகிட்ட எழுதிக் கேட்கணும்” என்றார். பி.டி.ஓ. ஐயா என்றால் தாங்கள்தான். வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சி. மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், சுமார் 12,500 ஊராட்சிகள் என்று வகுத்துப் பார்த்தால் ஒரு ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி வருகிறது. அன்றைக்குத் தாங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டத்தில் இருந்தீர்கள். மறுநாள் காணொலிக் கூட்டம். அதற்கு மறுநாள் முகாம். தங்களைக் குறை சொல்லவில்லை. முப்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை என்றால் எந்த வீட்டுப் பந்தியில்தான் உட்காருவார்?

பெண்கள் அதற்குள் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் தெரியுமா? பழைய தலைவரம்மா வீட்டுக் கதவை. விடியற்காலை ஐந்து மணிக்கு, வாசலில் குடத்தை வைத்துவிட்டு. “நான் இப்ப தலைவர் இல்லம்மா, சீலும் இல்ல, செக்கும் இல்ல” என்று அவர் சொல்லியும் யாரும் நகரவில்லை. “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஓட்டு உனக்குத்தானே போட்டோம்” என்றாள் ஒருத்தி. அந்த அம்மா பதவியில் இருந்தபோது மாதம் வாங்கிய மதிப்பூதியம் இரண்டாயிரம் ரூபாய். பதவி போன பிறகு மோட்டாரைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோய் வைண்டிங் கட்டக் கொடுத்த காசு அதைவிட அதிகம். பில்லைக் கிளர்க்கிடம் கொடுத்திருக்கிறார். எந்தத் தலைப்பில் வைப்பது என்று கிளர்க்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஐயா, தங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் திறமையில் வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. படிப்பில் தாங்கள் மேல். எஸ்டிமேட் தெரியும், எம்.புக் தெரியும், டெண்டர் விதி தெரியும். அந்த அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் மகனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னவர்தான். அவர் ஆட்சியில் பாலும் தேனும் ஓடவில்லை. சிமென்ட் சாலையில் கமிஷன் ஓடியது என்று பேச்சு உண்டு. ஆனால் அவர் வீடு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கலாம் என்பதும் தெரியும். தங்களைத் தோற்கடிக்க எந்தச் சின்னத்தில் குத்துவது?

கிராம சபையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று அரசு ஏற்பாடு செய்தது நல்ல காரியம். ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். தாங்கள் வர முடியவில்லை, பற்றாளர் ஒருவரை அனுப்பியிருந்தீர்கள். அவர் பொருள் நிரலை ஒரே மூச்சில் வாசித்தார். கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் தடை, வரவு செலவு. வரவு என்ற இடத்தில் குரல் லேசாக இறங்கியது. கீழத்தெரு சாக்கடை பற்றி ஒரு பெரியவர் கேட்டார். “தீர்மானத்தில் ஏத்திக்கிறேங்க” என்றார் பற்றாளர். “போன தடவையும் ஏத்தினீங்க” என்றார் பெரியவர். “இது வேற நோட்டுங்க” என்றார் பற்றாளர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஊராட்சிகளுக்கென்று சாசனத்தின் பதினோராவது அட்டவணை 29 துறைகளை எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் அன்றைக்கு வந்த காசு டீக்கும் வடைக்கும் சரியாக இருந்தது.

மானியம் வந்த காலத்தில் மட்டும் கொட்டிக் கிடந்ததா என்று தாங்கள் கேட்கலாம். இல்லைதான். அந்தப் பணத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று முடிச்சுப் போட்டே வந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவு செய்யலாம், சம்பளம், அலுவலகச் செலவு போன்றவற்றுக்குக் கூடாது என்றிருந்தது. முடிச்சை அவிழ்க்கவே தலைவரம்மாவுக்குப் பாதிக் காலம் போனது. ஆனாலும் முடிச்சுப் போட்ட பணமும் பணம்தானே. இப்போது முடிச்சு மட்டும் இருக்கிறது.

மேடை ஏறினால் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத தலைவர் இங்கே இல்லை. உலகுக்கே குடவோலையால் தேர்தல் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று மார்தட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் நின்று படித்தால் அதில் தங்கள் முன்னோரும் வருவார். அரசன் அனுப்பிய அதிகாரி ஒருவர் சபையோடு உடனிருந்தார் என்று பெயரோடு எழுதியிருக்கிறது. எதற்கு உடனிருந்தார்? வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையைச் சபை வகுப்பதற்கு. சபை இருக்க வேண்டிய இடத்தில் தான் உட்காருவதற்கு அல்ல. வாரியப் பெருமக்களுக்குக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்கும் ஓலையில் பெயர் இல்லை. வார்டு மறுவரையறை முடியாததால் காலத்தை ஆறு திங்கள் நீட்டினோம் என்ற வரி மட்டும் அந்தக் கல்லில் தேடியும் கிடைக்காது. சோழர்களுக்கு நிர்வாக அனுபவம் போதவில்லை.

கேரளத்துக்காரர்களுக்கும் அப்படித்தான். 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். 2020இல் கொரோனா என்று ஒரு அருமையான காரணம் கையில் கிடைத்தும் டிசம்பரில் நடத்தி முடித்துவிட்டார்கள். தங்கள் வகையறாவுக்கு அங்கே ஒரு மாதம் சொச்சம்தான் வேலை.

போகட்டும். தங்களைப் போகச் சொல்லி எழுதுவதில் பயனில்லை என்று தெரியும். ஆகவே தாங்கள் இருப்பதையே முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. எங்களுக்கும் அதே சட்டத்தைக் கொடுங்கள். வீட்டு வரி கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. என் வீட்டுக் கொல்லைப்புற எல்லையில் மறுவரையறைப் பணி நடந்து வருவதால் வரி செலுத்துவதை ஆறு மாதம் ஒத்திவைத்திருக்கிறேன். அது முடிந்ததும், திண்ணையை யாருக்கு ஒதுக்குவது என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சுழற்சி முறையில் இடஒதுக்கீடு செய்ய வேண்டியிருக்கிறது. அதன் பேரில் வழக்கு ஏதும் வந்தால் தீர்ப்பு வரும் வரை மேலும் ஆறு மாதம். இடைக்காலத்தில் வரி பாக்கியைக் கவனிக்க எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியைத் தனி அலுவலராக நியமித்திருக்கிறேன். நேரில் வந்தால் அதனிடம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. புது மாவட்டங்கள் பிரித்ததால் 2019இல் தேர்தல் நடக்காமல் 2021 அக்டோபரில் நடந்த ஒன்பது மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே தலைவர்களின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. இப்போதே துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட,
ஓட்டுரிமை உள்ள, ஓட்டுச்சாவடி இல்லாத ஊராட்சிவாசி.

நகல்:
ஒன்றிய அரசுக்கு – மாநிலத்தைக் கேட்கவும் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப.
மாநில அரசுக்கு – ஒன்றியத்தைக் கேட்கவும் என்று அறிக்கை வெளியிட.
மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு – மறுவரையறை முடிந்தபின் உறையைப் பிரிக்க.
முன்னாள் தலைவரம்மாவுக்கு – தகவலுக்காக. மோட்டார் பில்லை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்படி கிளர்க்கு கேட்கிறார், முதலில் கொடுத்தது கோப்பில் இல்லையாம்.