கணக்கு நோட்டோடு ஒரு தேச சஞ்சாரம்

பாரத தேசத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு உண்டாகுமானால் அவன் கையில் ஏராளமாகப் பணம் இருப்பது நல்லது; அது இல்லையென்றால், அடியோடு ஒன்றுமே இல்லாமலிருப்பது அதைவிட நல்லது. பணமுள்ள கனவானைக் குளிர்சாதன ரயில்பெட்டியும் நட்சத்திர ஓட்டலும் தாங்கிக்கொள்கின்றன. ஒன்றுமில்லாத சாதுவைத் தர்மசாலையும் அன்னசத்திரமும் தாங்கிக்கொள்கின்றன. இவ்விருவருக்கும் நடுவே, முதுகில் ஒரு பையும் சட்டைப் பையில் ஒரு கணக்கு நோட்டுமாக, 'நாளொன்றுக்கு 500 ரூபாய்க்கு மேல் செலவழிப்பதில்லை' என்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்படுகிறானே ஒரு பிரகிருதி, அவனைத் தாங்குவதற்குத்தான், 32 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விஸ்தீரணமுள்ள இந்தத் தேசத்தில் எவரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அடியேன் அந்த மூன்றாவது வகுப்பைச் சேர்ந்தவன்.

இந்த வகுப்பாருக்கு ஆதி குரு என்று ஒருவரைச் சொல்லலாமானால் அவர் காந்தியடிகளே. 1902-இல் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பிலே போவதென்று தீர்மானித்து, பன்னிரண்டணாவுக்கு ஒரு கித்தான் பை வாங்கிக்கொண்டு, காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு நாள் தங்கிப் போனதற்கு, ரயில் கட்டணம் உள்பட 31 ரூபாய்க்குமேல் ஆகியிராது என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காசியில் ஞானவாபியருகே அவர் ஒரு தம்பிடி தட்சிணை கொடுத்ததும், பண்டா என்னும் கோயில் புரோகிதர் அதை வீசியெறிந்து நரகத்துக்குப் போவாய் என்று சபித்ததும், இவர் தம்பிடியைப் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டவே, பண்டா திரும்பக் கூப்பிட்டு அதையே வாங்கிக்கொண்டதும் அந்நூலில் இருக்கின்றன. மற்றவர்கள் சத்திய சோதனையைச் சத்தியத்துக்காகப் படிக்கிறார்கள். நான் இந்த அத்தியாயத்தை வரவு செலவுக்காகப் படித்தேன். அதில் எனக்குப் புலப்பட்ட ரகசியம் ஒன்றுண்டு: புறப்படும்போது தேசத் தலைவர் கோகலே ஒரு டப்பா நிறைய லட்டும் பூரியும் கொடுத்தனுப்பியிருக்கிறார். என் இல்லாளும் புளியோதரை கட்டிக் கொடுக்கத்தான் செய்தாள். ஆனால் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் குழந்தைகள் அந்தத் தூக்குப் பாத்திரத்தைப் பார்த்த பார்வையில் அது விஜயவாடாவைத் தாண்டவில்லை.

ரயில்வேயில் சுற்றுப் பிரயாணச் சீட்டு என்று ஒன்று உண்டு. புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும்படி ஒரு வட்டப் பாதையை நாமே வகுத்துக் கொடுத்தால், வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கி ஏறலாம். தூரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்கு விழும் கட்டணம் இறங்கிக்கொண்டே போகும். கேட்டு வாங்குகிறவர்கள் அபூர்வமாகையால், இந்தச் சீட்டைக் கண்ட பரிசோதகர்கள், புதைபொருள் இலாகாவினர் செப்பேட்டைப் புரட்டுவதுபோல் முன்னும் பின்னும் புரட்டி, பக்கத்துப் பெட்டியிலிருந்த சகாவையும் அழைத்துக் காட்டி, முடிவில் என் முகத்தை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்தது ஜாகைச் செலவு. ராத்திரியை ரயிலிலேயே கழித்துவிட்டால் வாடகை மிச்சம் என்ற உண்மை தெரிந்த நாள்முதல், ஊர்களை அவற்றின் கீர்த்தியைக் கொண்டு மதிப்பதை விட்டுவிட்டு, அவற்றினிடையே உள்ள தூரத்தைக் கொண்டு மதிக்கலானேன். ஆக்ராவும் ஜெய்ப்பூரும் பார்க்க வேண்டிய ஊர்கள்தாம். ஆனால் இடையே நாலைந்து மணி நேரப் பிரயாணந்தான் என்றால், நடுநிசியில் இறக்கிவிடப்பட்ட மனிதன் எங்கே போய்ப் படுப்பது? இதற்கு நேர்மாறாக, கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமிலுள்ள திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ், ஒரே மூச்சில் மூன்று இரவுகளுக்கு வாடகையில்லாத படுக்கை தருகிறது. திப்ருகரில் எனக்கு யாதொரு ஜோலியும் இல்லை என்பது மட்டும் தக்க சமயத்தில் ஞாபகத்துக்கு வந்திராவிட்டால், அதிலேயே போய்த் திரும்பியிருப்பேன்.

ஆக்ராவில்தான் கணக்கு நோட்டுக்கும் கலையுணர்ச்சிக்கும் நேருக்கு நேர் யுத்தம் மூண்டது. தாஜ்மகாலின் வளாகத்துக்குள் செல்ல இந்தியப் பிரஜைக்கு 50 ரூபாய். சமாதி மண்டபத்துக்குள் நுழைய மேற்கொண்டு 200. ஆக 250, அதாவது ஒரு நாள் ஜீவனத்தில் சரிபாதி. நான் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். மண்டபத்துக்குள்ளே காட்டப்படுபவை அலங்காரக் கல்லறைகளே; மெய்யான சமாதிகள் கீழே நிலவறையில் இருக்கின்றன. ஆகவே, 200 ரூபாய் கொடுத்தவனும் கொடாதவனும், ஷாஜஹானையும் மும்தாஜையும் பொறுத்தவரையில், ஒரே அந்தஸ்து உடையவர்கள். அன்றியும், இதைக் கட்டிய சக்கரவர்த்தியே, மகன் ஔரங்கசீப்பினால் சிறை வைக்கப்பட்டு, 1666-இல் உயிர் நீங்கும் வரையில் ஆக்ரா கோட்டையிலிருந்து எட்ட நின்றுதான் இதைத் தரிசித்தார்; அவருக்குக் கிடைக்காத சலுகையை நான் விலை கொடுத்து வாங்குவது மரியாதையாகுமா? இவ்வாறு தர்க்கித்து, மண்டபத்துக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தபோது, மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, "ஏன் தம்பி, நீங்க உள்ள போகலையா?" என்று விசாரித்தாள். சரித்திர காரணங்களை எடுத்துரைத்தேன். முழுதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காசு இல்லைன்னு சொல்றதுக்கு ஷாஜஹானை எதுக்குத் தம்பி இழுக்கறீங்க?" என்றாள்.

ஆகார விஷயத்தில் அவ்வளவு கஷ்டமில்லை. வறுத்த கடலையை மாவாக்கித் தண்ணீரில் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துப் பாட்னாவில் வண்டிக்காரர்கள் கொடுக்கும் சத்து என்ற பானத்தை ஒரு தம்ளர் குடித்தவனை அந்தி வரையில் பசி அண்டுவதில்லை. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-இல் ஸ்தாபித்த சத்திரத்தில் ரசத்தின் வாசனை வந்தபோது, மோட்சத்தைப் பற்றிய என் அபிப்பிராயமே திருந்திவிட்டது. புரி ஜகந்நாதர் கோயிலின் ஆனந்த பஜாரிலோ, மகாபிரசாதத்தை மண்கலங்களில் வைத்து விற்கிறார்கள். ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லாரும் உட்கார்ந்து உண்கிறார்கள். பகவானுடைய பிரசாதத்துக்குப் பேரம் பேசுவதா என்று முதலில் நாக்குக் கூசியது. பக்கத்தில் நின்ற உள்ளூர்க் கிழவி பேசிய பேரத்தைக் கேட்டபின் கூச்சம் தெளிந்தது.

கணக்கு நோட்டு நிலைகுலைந்து போனது அமிருதசரஸில். பொற்கோயிலின் லங்கர் என்னும் பொது அன்னசாலையில், குரு நானக் தொடங்கி வைத்த வழக்கப்படி, ராஜாவும் ஆண்டியும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அக்பர் சக்கரவர்த்தியே குரு அமர்தாஸைக் காண்பதற்கு முன் அப்படி உட்கார்ந்ததாகச் சீக்கியர் மரபு கூறுகிறது. ரொட்டி, பருப்பு, பாயசம் எல்லாம் இலவசம். யாத்திரிகர் தங்கும் சராயிலும் வாடகை கேட்பதில்லை. அன்றிரவு செலவுப் பத்தியில் எழுதுவதற்கு எழுத்தே இல்லாமல் போயிற்று. மிச்சமான 500-ஐ மறுநாள் கணக்கில் சேர்க்கலாமா, சேர்த்தால் மறுநாளும் இங்கேயே சாப்பிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஒரு சர்தார்ஜி, ஏதோ பெருந்துக்கம் என்று எண்ணியோ என்னவோ, பட்டாணி உரிக்கும் கூட்டத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். 500 ரூபாய்க்கு அந்தப் பட்டாணிக் குவியலில் எவ்வளவு சமம் என்று கணக்கிட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

என் வகுப்பைச் சேர்ந்த நேயர்கள் அங்கே போவதானால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்; ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்குங்கள்; தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். சராயில் மூன்று நாளைக்கு மேல் தங்குவது வழக்கமில்லை.