மடித்துக் கேட்ட கேள்விகள்

கே: காகிதம் மடிக்கும் கலை ஜப்பான்காரர்களுடையது என்கிறார்களே, நம் ஊர்க் கடலைப் பொட்டலம் கணக்கில் சேராதா?
– கடலைப் பிரியர், திருக்கழுக்குன்றம்

ப: வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு விபூதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறீர்களே, அதைச் சொல்லியிருந்தால் இன்னும் நெருங்கியிருப்பீர்கள். ஜப்பானில் மடிப்பு என்பது நெடுங்காலம் விளையாட்டைவிட மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். பரிசு கொடுக்கும்போது இன்ன பொருளுக்கு இன்ன மடிப்பு என்று சாமுராய் வீடுகளில் முறை இருந்தது. அதற்கென்றே இசே சதாதக்கே 1764-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆயிரம் கொக்கு மடிக்கும் பாடநூல் வந்தது 1797-ல்தான்.

கே: ஒரு தாளை 42 முறை மடித்தால் நிலாவைத் தொடுமாமே? நம் திருக்கழுக்குன்ற மலைக்கு எத்தனை மடிப்பு?
– முழங்கால் வலிக்காரர், செங்கல்பட்டு

ப: தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 42-வது மடிப்பில் உயரம் சுமார் 4,40,000 கிலோமீட்டர். நிலா 3,84,400 கிலோமீட்டரில்தான் இருக்கிறது, தாண்டிவிடுவீர்கள். சுமார் 500 அடி உயர மலைக்கு 21 மடிப்பு போதும். 20-லேயே நின்றால் 344 அடி; மிச்சத்தைப் படியேறித்தான் கடக்க வேண்டும். ஒரே ஒரு சிக்கல். 2002-ல் பிரிட்னி காலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி ஏறக்குறைய 1,200 மீட்டர் நீளக் காகிதச் சுருளை ஒரே திசையில் மடித்துப் பார்த்தபோதே 12-க்கு மேல் போகவில்லை. ஆகவே ஐந்நூற்றுச் சொச்சம் படிகளும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

கே: இந்தக் கலையில் தமிழ்நாட்டுக்காரர் யாராவது உண்டா, அல்லது கத்திக் கப்பலோடு சரியா?
– கணக்கு ஆசிரியை, கல்பாக்கம்

ப: உண்டு. அதுவும் உங்கள் பாடத்திலேயே. தண்டலம் சுந்தர ராவ், கும்பகோணம் கல்லூரியில் படித்தவர், வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். பட்டா, கிஸ்தி என்று அலைந்த நேரம் போக மிச்சத்தில் காகிதம் மடித்து ஜியோமெட்ரி போட்டார். 1893-ல் சென்னையில் அடிசன் கம்பெனி வெளியிட்ட அவருடைய ஆங்கிலப் புத்தகம், காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள். தூண்டியது என்ன தெரியுமா? கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கு மடித்து விளையாடக் கொடுத்த வண்ணக் காகிதச் சதுரங்கள். அதை வைத்து ஐங்கோணம், அறுகோணம் என்று ஆரம்பித்துப் பரவளையம், நீள்வட்டம் வரை போய்விட்டார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட, அமெரிக்கப் பேராசிரியர்கள் பெமனும் ஸ்மித்தும் தேடிப் பிடித்து 1901-ல் சிகாகோவில் பதிப்பித்தார்கள். நம் பள்ளிகளில் ராமானுஜன் படம் மாட்டிய சுவரில் இவருக்கும் ஓர் ஆணி அடிக்கலாம் என்பது என் கட்சி.

கையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு சதுரத் தாளை இடது ஓரமும் வலது ஓரமும் பொருந்த மடித்துப் பிரியுங்கள். நடுக்கோடு விழுந்திருக்கும். கீழ் இடது மூலை நகராமல், கீழ் வலது மூலையைத் தூக்கி நடுக்கோட்டின்மேல் வையுங்கள். அது தொடும் இடமும் கீழிரண்டு மூலைகளும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம். காம்பஸ் வேண்டாம். மாணவர்கள் டெஸ்க்கில் அதனால் பெயர் செதுக்கும் ஆபத்தும் இல்லை.

கே: சுந்தர ராவ் சொன்னதெல்லாம் சரிதானா?
– சந்தேகப் பிராணி, சதுரங்கப்பட்டினம்

ப: ஓர் இடத்தில் சறுக்கினார். கனமூலத்தை மடிப்பால் துல்லியமாகக் காண முடியாது என்ற தொனியில் எழுதிவிட்டார். 1936-ல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக், ஒரே மடிப்பில் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகள்மேல் ஒருசேர விழவைத்தால் முடியும் என்று காட்டினார். அளவுகோலும் காம்பஸும் தோற்ற இடம் அது. மடிப்பை ராவ் குறைத்து மதிப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான்.

கே: ஆயிரம் கொக்கு மடித்தால் பிளஸ் டூ பாஸாகுமா?
– மாணவன், மாமல்லபுரம்

ப: அந்த நேரத்தில் ஆயிரம் கணக்குப் போட்டால் ஆகும். ஹிரோஷிமா குண்டின் கதிர்வீச்சால் ரத்தப் புற்றுநோய் வந்த சடாகோ சசாகி, பிழைக்க வேண்டும் என்று மருத்துவமனைப் படுக்கையில் மடித்தவை அந்தக் கொக்குகள். 1955-ல், 12 வயதில் இறந்தாள். பரீட்சைக்கு அவற்றை இழுக்காதே, தம்பி.

கே: மலைக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. காகிதத்திலாவது செய்ய முடியுமா?
– பழைய பக்தர், திருக்கழுக்குன்றம்

ப: முடியும். ஆனால் கொக்குக்குப் பழகிய கை கழுகுக்குப் போதாது. விறைப்பான மடிப்பில் அலகும் சிறகும் வரும், உடம்பின் திரட்சி வராது. அகிரா யோஷிசாவா அதற்கு வழி கண்டார்: கெட்டியான தாளை லேசாக ஈரப்படுத்தி மடித்தால் வளைவு வரும், காய்ந்ததும் அப்படியே நிற்கும். தொழிற்சாலையில் இளம் ஊழியர்களுக்கு ஜியோமெட்ரி புரியவைக்க மடிக்க ஆரம்பித்தவர் அவர். பிறகு இதற்காக வேலையை விட்டு, வீடு வீடாகத் தொடுகறி விற்றுப் பிழைத்தார். நீங்கள் பென்ஷன் வாங்குபவர்தானே, தைரியமாகத் தொடங்குங்கள்.

கே: சுந்தர ராவ் புத்தகம் எங்கே கிடைக்கும்?
– கணக்கு ஆசிரியையே மறுபடியும், கல்பாக்கம்

ப: 1966-ல் நியூயார்க்கின் டோவர் நிறுவனம் மறுபதிப்பு போட்டது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பீரியட் ஒதுக்கி, பழைய காலண்டர் தாள்களோடு போங்கள். சதுரமாக வெட்டிக்கொண்டு போக மறக்காதீர்கள், டீச்சர்.