கருவேலத்துக்கு மூன்று பெயர்

1989. தாவரவியல் முதலாண்டு. ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்: ஏரி, அதன் கீழே நெல்வயல், கரை நெடுகக் கருவேலம். அந்த மரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார் சார். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

"இதையெல்லாம் யாரும்மா பார்த்துச் சொன்னது?" என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். எனக்குத் தெரியவில்லை. "எழும்பூர் போ. கன்னிமராவுல கேம்பிள் இருக்கும், பாரு."

படப்பை வழியாகத் தாம்பரத்துக்குப் பஸ், அங்கிருந்து மின்சார ரயில். கன்னிமரா நூலகத்தில் அட்டை இழுப்பறைகளை இழுத்து இழுத்துக் கை கறுத்தது. ஜே.எஸ். கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்து 1915 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1925இல் அவர் இறந்ததும் ஃபிஷர் தொடர்ந்து 1936இல் முடித்தார். அதில் கருவேலம் 'அக்கேசியா அராபிகா'. என் பாடப்புத்தகத்திலோ 'அக்கேசியா நிலோடிகா'. இரண்டும் வேறு வேறு மரம் என்று எண்ணி ஒரு பகல் முழுக்கத் தவித்தேன். ஒரே மரந்தான், பெயர் மாறியிருக்கிறது என்று தெரிந்தபோது நூலகம் மூடும் நேரம். இன்றுவரை என்னிடம் இருக்கும் படிப்பில் பெரும்பங்கு அந்தப் பகலில் வந்ததுதான்.

இப்போது அந்தப் பஸ் போன சாலையோரம் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வரத் தொடங்கியது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஷிப்டுக்குப் போகிறார். ஒருத்தியின் அம்மா ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் கைபேசி பூட்டும் வரிசையில் நிற்கிறவர். கேம்பிள் முழுவதும் இந்தக் கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எழும்பூர் போக வேண்டியதில்லை என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. பஸ் காசுக்கு நான் பட்ட பாடு இவர்களுக்கு வேண்டாம். ஆனால் வழியில் தவிக்கும் அந்தப் பகலும் கூடவே போய்விட்டது. அதை நாங்கள்தான் வகுப்பில் உண்டாக்கித் தர வேண்டும்.

ஒரு நாள், "நம்ம ஊரைப் பற்றி உயிரியலில் என்ன எழுதியிருக்காங்கன்னு தேடுங்க" என்றேன். ஸ்ரீபெரும்புதூர் என்று இன்றைய ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். வேலைக்கு ஆள் தேவை, மனை விலை, ஆலை, மறுபடி மனை விலை. "ஒண்ணும் இல்ல மேடம்" என்றான் ஒருவன். பழைய எழுத்தைப் பலகையில் எழுதினேன். வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி, ஏறக்குறைய 'ஸ்ரீபெர்மட்டூர்'. அதை அடித்ததும் வகுப்பு அமைதியானது. பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபுட், அவர் இந்தப் பக்கத்துப் பாறைகளையும் ஆராய்ந்திருக்கிறார். அவற்றிலிருந்த இலைப் படிவங்களை ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் படத்தோடு விவரித்திருக்கிறார். டைலோஃபில்லம்: பார்க்கச் சைக்கஸ் இலை மாதிரி இருக்கும், வேறு குலம், அடியோடு அழிந்துபோனது. வயது 10 கோடி ஆண்டுக்கும் மேல். "நம்ம ஊர்லயா மேடம்?" என்று அதே பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

ஊருக்கு இரண்டு எழுத்து, கருவேலத்துக்கு மூன்று பெயர். இப்போது அது 'வாச்செல்லியா நிலோடிகா'. புதுப் பெயரை மட்டும் தேடினால் நூறாண்டு உழைப்பு கண்ணில் படாது.

போன பருவத்தில் ஒரு மாணவன் செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த மேற்கோளோடு கட்டுரை கொடுத்தான். ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் சுத்தம். இருவரும் உட்கார்ந்து தேடினோம். இதழ் இருந்தது, தொகுதி இருந்தது, அந்தப் பக்கத்தில் வேறு யாரோ மீனைப் பற்றி எழுதியிருந்தார். அவன் முகம் வாடிவிட்டது. நான் திட்டவில்லை. யார் பார்த்தது என்று தெரியாமல் நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவள்தானே. சார் என்னைக் கேட்டதையே அவனிடம் கேட்டேன்.

அதிலிருந்து ஆளுக்கொரு அட்டை கொடுக்கிறேன். சொந்த ஊர் ஏரிக்கரையில் ஒரு செடியோ மரமோ. ஊரில் வழங்கும் பெயர், பழைய பெயர், புதுப் பெயர். சொன்னவர், ஆண்டு, பக்கம். கடைசிக் கட்டத்தில், 'நான் பார்த்தது'. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அட்டையை வாங்க மாட்டேன்.

கைபேசி வரிசையில் நிற்கும் அம்மாவின் பெண் கருவேலத்தை எடுத்துக்கொண்டாள். பெயர்கள் மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டாள், கேம்பிளின் பக்க எண்ணோடு. கடைசிக் கட்டம் மட்டும் பென்சிலில் இருந்தது.

"கரையில நாலு மரம் மேடம். ரோடு அகலப்படுத்தின பக்கம் ரெண்டு அடிமரம் மட்டும் நிக்குது. அதையும் கணக்குல சேர்க்கலாமா?"

"சேர்த்துக்கோம்மா. தனி வரியில எழுது. தேதியும் போடு."

பேனாவை எடுத்தாள்.