முதலில் நாமம், பிறகு காசு

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-ல் ஒரு புத்தகம் எழுதினார். விமான நிலையத்தில் ஹரே கிருஷ்ணா பக்தர்கள் முதலில் பூவைக் கையில் திணிப்பார்களாம், பிறகு நன்கொடை கேட்பார்களாம். வாங்கிய கை மறுக்காதாம்.

பாவம், மனிதர் திருமலை ஏறியதில்லை போலும். பூவையாவது திருப்பிக் கொடுத்துத் தொலைக்கலாம். இங்கே மொட்டைத் தலை வெளியே வந்ததும் நெற்றியில் ஈர நாமம். அப்புறம்தான் கை நீளும். நெற்றியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பத்து ரூபாய் தானாக வருகிறது.

இந்த உயரிய முறையை அரசும் ஏற்க வேண்டும். சித்தூர் மாநகராட்சி வீட்டு வரி நோட்டீசுக்குப் பதில் நாமக்கட்டியோடு ஆள் அனுப்பலாம். அரசியல்வாதிகளுக்குப் பயிற்சி தேவையில்லை. வரிசைதான் கொஞ்சம் மாறும். முதலில் கைகூப்பிக் கேட்பார்கள். நாமம், வாக்கு எண்ணி முடிந்த பிறகு.