மிதமான தூரம், மிதமான காற்று, மிதமில்லாத லாரி

சென்னைக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்குச் சைக்கிள் சவாரி சுலபம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் முட்டுக்காடு, கோவளம், கால் ஒத்துழைத்தால் மாமல்லபுரம். வழியெல்லாம் காபிக் கடை. வடக்கே வள்ளூரில் இருக்கும் எங்களுக்கும் கடல் ஒன்றும் தூரமில்லை. கொசஸ்தலை ஆறு உண்டு, பக்கிங்காம் கால்வாய் உண்டு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடும் உண்டு. நடுவில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையமும் இரண்டு துறைமுகங்களும் வந்து உட்கார்ந்துவிட்டன என்பதற்காக இயற்கை எழிலை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

“மிதமான சவாரி. கடலோரக் கிராமங்கள் வழியாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை” என்று டீக்கடை பெஞ்சில் அறிவித்தேன். உடனே குழு சேர்ந்துவிட்டது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற அண்ணன், என் மச்சான், அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவன்.

முதல் தகராறு ‘மிதமான’ என்பதில். நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும் என்றார் அண்ணன். மச்சானின் இலக்கணம் எளியது: சட்டை நனையக் கூடாது. தம்பி மட்டும் பேசாமல் இருந்தான். அவன் தினமும் டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பொன்னேரி பக்கத்திலிருந்து சைக்கிளில் ஷிஃப்டுக்கு வருகிறவன்.

“அங்க இன்னாணா வேலை?” என்றான் கடைசியில்.

“வேலை இல்லப்பா. சும்மா ஓட்டிட்டு வர்றது.”

“வேலை இல்லாம எதுக்குணா மிதிக்கணும்?”

இதற்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் படிப்பு போதாததால் பாதையைப் பற்றிப் பேசப் போனோம்.

தெற்கே போகலாம் என்றார் அண்ணன். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையத்தைச் சைக்கிளில் போய்க் கும்பிட்டு வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ரயில் நிலையத்துக்கு ரயிலில் போவதுதான் மரியாதை என்றான் மச்சான். எனக்கு வேறு கவலை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிற்காலத்து அசோக் லேலண்ட், லாரி செய்தது எண்ணூரில். 1955-ல் என்ஃபீல்டு புல்லட் செய்ய வந்தது திருவொற்றியூருக்கு. எம்.ஆர்.எஃப். நிறுவனம் டயருக்கு வருமுன் ஒரு கொட்டகையில் பலூன் செய்து பிழைப்பைத் தொடங்கியதும் அதே திருவொற்றியூரில்தான். சைக்கிளை முந்திக்கொண்டு போகக்கூடிய அத்தனையையும் பெற்றெடுத்த கடற்கரை இது. சைக்கிள் தொழிற்சாலை மட்டும் புத்திசாலித்தனமாக அம்பத்தூரில் ஒதுங்கிக்கொண்டது. பிறந்த மண்ணை மறக்காத லாரிகள் கன்டெய்னரைச் சுமந்துகொண்டு எண்ணூர் விரைவுச்சாலைக்கே திரும்பி வந்து, துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கின்றன. அந்தச் சாலையின் பெயரில் உள்ள விரைவை நான் நேரில் பார்த்ததில்லை.

கிழக்கே இன்னொரு யோசனை. காட்டுப்பள்ளிக்குப் போய், அங்கிருந்து கடலை ஒட்டியே வடக்கே பழவேற்காடு. கைபேசி வரைபடத்தில் இந்தச் சாலை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே ஒற்றை இழை என்று கண்ணைப் பறித்தது. அதைப் பார்த்துத் தம்பி சிரித்தான். மழைக்காலத்தில் கருங்காலி பக்கம் கடல் எழுந்து சாலையைத் தாண்டிக் காயலுக்கே வந்துவிடும். வற்றிய பிறகு தார் இருந்த இடத்தில் மணல்தான் இருக்கும். புயலடித்த வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளத்தில் முதல் ஆளாகக் காணாமல் போகிற அந்தச் சாலைக்குக் கைபேசியில் மட்டும் பன்னிரண்டு மாசமும் நல்ல ஆரோக்கியம்.

வரைபடங்களை நம்புவதில் எங்கள் பகுதிக்கு முன் அனுபவம் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தையே காட்டாத கடற்கரை வரைபடம் ஒன்றைக் காட்டித்தான் அரசுத் தரப்பு கணக்குச் சொல்கிறது என்று சூழலியலாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் கிளப்பினார்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று இறால் தடவுகிறவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்கும். ஆக, ஒரு வரைபடத்தில் இருக்கிற ஆறு இல்லை. இன்னொரு வரைபடத்தில் இல்லாத சாலை இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வள்ளூரிலிருந்து எங்கு வேண்டுமானாலும் சௌகரியமாகப் போய்வரலாம்.

மிஞ்சியது வடக்கு வழி. மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு. ஒரு வழிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஏற்றம் என்று பார்த்தால் ரயில்வே மேம்பாலம்தான் எங்கள் இமயமலை. மற்றபடி தரை மட்டம். பொன்னேரி தாண்டினால் வயல் வந்துவிடும், கொக்கு வந்துவிடும், மூச்சு விட்டால் மூச்சு மட்டும் உள்ளே போகும். அதற்கு முன்பு சாம்பல் லாரி ஓடுகிற சாலையில்தான் போயாக வேண்டும். சிமெண்ட் ஆலைக்குப் போகிற சாம்பலில் ஒரு கைப்பிடியை வழியில் போகிறவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அந்த வாகனங்களின் தர்மம். “ஒயிட் டிரெஸ் வேணாம்” என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன். “கறுப்பும் வேணாம், வரும்போது ஒயிட்டாயிடும்” என்று திருத்தினான் மச்சான். சாம்பல் நிறம் என்று ஏகமனதாக முடிவானது. சீருடை இப்படி அமைந்த சைக்கிள் குழு தெற்கே இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து காற்று. இதில் அண்ணன் பெரிய ஆள். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே கையை நெஞ்சில் வைக்கும். மார்கழி, தை என்றால் வாடை. போகும்போது எதிர்ப்பு, வரும்போது ஆதரவு. எங்கள் வயதில் வீடு திரும்புவதுதான் பெரிய காரியம் என்பதால் வாடைக்கு ஓட்டு விழுந்தது. பூநாரைகளும் நவம்பருக்கு மேல்தான் பழவேற்காட்டுக்கு வருகின்றன. மார்ச் வரை இருக்கும். இப்படிப் பறவையும் காற்றும் எங்களுக்காக ஒரே மாதத்தில் கூடி வந்தது ஆச்சரியம்தான்.

அண்ணன் அதோடு நிற்கவில்லை. ஏரிக்கு அப்பால்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளாகப் பார்த்துப் போனால் ஒரே மிதியில் இரண்டு காட்சி என்றார். அன்றைக்கு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், கரையில் மீனே இருக்காது என்று தம்பி சொன்னதும் விண்வெளி கைவிடப்பட்டது.

போய்ச் சேர்ந்தால் பார்க்க என்ன இருக்கிறது என்றும் விசாரித்து வைத்தேன். 1613-ல் டச்சுக்காரர்கள் எழுப்பிய ஜெல்ட்ரியா கோட்டை. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் முட்புதரைப் பார்த்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கல்லறைத் தோட்டம் உருப்படியாக இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் மிதித்து வருகிறவர்களை வரவேற்க இதைவிடப் பொருத்தமான சிற்பம் தமிழ்நாட்டில் எங்கும் கிடையாது. அங்கேதான் குழுப் படம்.

வண்டிகள் விஷயம் பரிதாபம். மச்சானிடம் இருப்பது, மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. முன்னால் கூடை, பின்னால் கேரியர். கியர் வைத்த சைக்கிள் வாங்க அவன் விலை கேட்டபோது, அந்தக் காசுக்குத் தவணையில் ஸ்கூட்டரே வந்துவிடும் என்று கடைக்காரரே அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டாராம்.

எல்லாம் முடிந்து, காலை ஐந்தரைக்குக் கிளம்புவது, மீஞ்சூரில் டீ, பொன்னேரியில் இட்லி என்று தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படித்தாள்.

“பழவேற்காடா? நண்டு ரெண்டு கிலோ. இறால் பெருசா பாத்து வாங்குங்க. என் தம்பிகிட்டயும் சொல்லிடறேன், கூடை வெச்ச சைக்கிள்தான அவனுது?”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. எதிர்வீட்டுக்கு மடவை. மாடிவீட்டுக்கு நண்டு, கால் உடையாமல். டீக்கடைக்காரர், விலையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று முன்பணம் தராமலே இறாலுக்குப் பெயர் கொடுத்தார். கிளம்பும் நேரம் ஐந்தரையிலிருந்து நான்குக்கு மாறியது, ஏலம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமே. பூநாரை, நேரமிருந்தால். கல்லறை, ஐஸ் உருகாமல் இருந்தால். மகளின் சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டியை வைத்து எப்படிக் கட்டுவது என்று மச்சானும் அண்ணனும் கயிறும் கையுமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் ஷிஃப்ட் முடிந்து தம்பி வந்தான். பட்டியலை வாங்கி, விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேணா” என்றான். “நானும் வரேன்.”