பின்சக்கர சுயராஜ்யம்

ரசிகர்கள் நம் ஊர் ‘மசில் கார்’ என்று கொண்டாடும் காண்டெஸா 2002இல் நின்றுபோனது. அதன் பின்சக்கரங்கள் கூட்டுக் குடும்பம்: ஒரே அச்சு, ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். மும்பை முலுண்டில் மழைக்கால எல்.பி.எஸ். மார்க் சாலையில் ஓட்டினால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ‘தனிக்குடித்தனம்’ (இண்டிபென்டென்ட் சஸ்பென்ஷன்) வைத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு.

தோன்றலாம். செய்வதுதான் கஷ்டம். டிஃபரென்ஷியலை அச்சிலிருந்து பிரித்து வண்டியின் அடித்தளத்தோடு பிணைக்க வேண்டும்; அதற்குத் தனிச் சட்டகம், இருபுறமும் மூட்டு வைத்த அரை அச்சுகள், ஏராளமான வெல்டிங். அமெரிக்கர்கள் பழைய ஜாகுவாரின் பின்பாகத்தையே கழற்றி மாட்டிக்கொண்டார்கள். ஃபோர்டே, 1964இல் பிறந்த மஸ்டாங்கின் எல்லா மாடல்களுக்கும் இந்த விடுதலையை 2015இல்தான் வழங்கியது. அதை முலுண்ட் மெக்கானிக்கிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்பது கொஞ்சம் அதிகம்.

வேலை முடிந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு காத்திருக்கும். தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு முரணான மாற்றம் கூடாதென்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது. பள்ளங்களுக்கு அப்படி எந்த மூல வடிவமும் கிடையாது, இஷ்டம்போல் மாறுகின்றன.

ஆசை விடாதவர்கள் முதலில் புது புஷ்ஷும் நல்ல ஷாக் அப்சார்பரும் போட்டுப் பாருங்கள். செலவும் குறைவு.