மண்டோர் பசியாறிட்டாரா?

கெடாவின் ஜெராய் மலைக்கு ஒரு பக்கம் யான் வயல்வெளி. மறுபக்கம் குரூண், பீடோங் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பசியாறும் முன் அவரிடம் லீவு கேட்காதே.

குற்றம் மண்டோருடையது அல்ல, மரத்துடையது. விடியற்காலைக் குளிரில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெறும் வயிற்றில் கோப்பி, நெற்றியில் விளக்கு. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழம் போனாலும் மரத்துக்குக் காயம். தூக்கக் கலக்கத்தில் சீவியவருக்கு அந்தக் காயம் தெரியாது. பசியோடு வந்த மண்டோருக்கோ அது மட்டும்தான் தெரியும். அவருடைய வசவு மூன்று நிரை தள்ளிக் கேட்கும். தூக்குச்சட்டியைத் திறந்து, ரொட்டியும் நெத்திலிச் சம்பலும் உள்ளே போன பிறகு அதே காயத்தைப் பார்த்து, "சரி விடுப்பா, நாளைக்குப் பாத்து சீவு" என்பார்.

பசிக்கும் கோபத்துக்கும் உள்ள இந்த உறவை ஆய்வாளர்கள் 2022-இல் கண்டுபிடித்தார்கள். கோலாலம்பூர் பெர்டானா பல்கலைக்கழகத்தோடும் தொடர்புள்ள விரேன் சுவாமி குழுவினர், ஐரோப்பாவில் 64 பேரின் பசியையும் மனநிலையையும் 21 நாள் குறித்துக்கொண்டு வந்தனர். எரிச்சலின் ஏற்ற இறக்கத்தில் 37 விழுக்காடு பசியோடு சேர்ந்தே நகர்ந்ததாம். பசி வந்தால் சுவாமி சிடுசிடுக்கிறார் என்று அவருடைய மனைவி சொல்லிக்கொண்டிருந்ததும் ஆய்வுக்கு ஒரு காரணம். உண்மையான முதல் ஆய்வாளர் அந்த அம்மாதான்.

பசி மட்டுமல்ல, தூக்கம் கெட்டாலும் எரிச்சல்தான். அந்தத் தூக்கத்தில் மலேசிய அரசாங்கமே கை வைத்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரம் நேரே 12-க்குத் தாவியது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டுமாம். அப்போதைய பிரதமர் மகாதீர் கெடாவின் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். ஊர்ப்பாசத்துக்காவது அந்த அரை மணியை விட்டுவைத்திருக்கலாம். கெடாவில் இன்றும் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கிறது. பள்ளி பஸ் அதற்கு முன்பே வந்து நிற்கிறது. வீட்டுக்கு வீடு தாய்க்கும் பிள்ளைக்கும் இருட்டிலேயே சண்டை.

ஜப்பான்காரன் காலம் இதைவிட மோசம். மலாயாக் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. தூக்கமும் சோறும் ஒன்றாகப் போன அந்த நாளில், எரிந்துவிழக்கூட யாருக்கும் துணிச்சல் இல்லை.

இப்போது துணிச்சலுக்குக் குறைவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டம் என்றால் ரொட்டி சானாய் முதலில் வர வேண்டும், வரவு செலவுக் கணக்கு பிறகு. கடைக்காரர் தாமதித்தால், செயலாளர் ஃபைலைத் திறக்கவே மாட்டார்.